ஒப்பிட ஒரு தீவு

எனக்குக் கடற்பயணம் ஒத்துவராது. நெடுந்தீவுக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வாந்தியெடுத்தேன். அப்படியிருந்தும் அந்தத் தீவைப் பற்றி என்னளவு எழுதியவர் எவருமில்லை.

விசாரணை அதிகாரியான நீர் பொருளியல் படித்தவரல்ல. ஆகவே எளிமையாகச் சொல்கிறேன். 1972இல் நான் கொழும்பில் விரிவுரையாளன். சமூகநலச் செலவுதான் என் துறை. கிழமைக்கு இரண்டு நாள் டாக்குத்தரை ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போகிற அரசாங்கப் படகால் உண்மையில் பயனுண்டா என்று அமைச்சு என்னைக் கேட்டது. என் சகாக்கள் என்றால் வீடு வீடாக ஏறி இறங்கி, அந்த மீன்பிடிகாரர் தலையாட்டிச் சொல்கிற "ஓம், ஓம்" எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஆய்வல்ல. ஒன்றின் பயனை அறிய அதை நிறுத்திப் பார்க்கவேண்டும். நயினாதீவுக்குப் படகு போகட்டும், நெடுந்தீவுக்கு இரண்டு வருஷம் வேண்டாம் என்று எழுதினேன். எஞ்சின் பழுதென்று தீவாருக்குச் சொல்லச் சொன்னதும் நான்தான். உண்மை தெரிந்தால் கூட்டம் கூடி அழுவார்கள், புள்ளிவிபரம் கெட்டுவிடும்.

படகு நின்ற ஏழாம் மாதம் நெடுந்தீவு மருத்துவிச்சி கிறேஸ் என் அறைக்கு வந்தாள். கூடவே அருளப்பு என்றொருவன், செருப்பில்லாத காலோடு.

"இவரின்ரை மனுசி மாக்கிறேற், சேர். பிள்ளை குறுக்கை கிடந்தது. மீன்வள்ளத்திலை ஏத்தினனாங்கள். நடுக்கடலிலை தாயும் பிள்ளையும் போயிட்டுதுகள். இன்னும் ரெண்டு பேர் நிறைமாசமாய் இருக்கினம். எஞ்சினை எப்ப திருத்துவினம்?"

கதிரையில் இருக்கச் சொன்னேன். அவன் இருக்கவில்லை. "அமைச்சிலை கேட்டனாங்கள், நீங்கள் ஒரு கடிதம் தந்தால் படகு விடுவினமாம், சேர். எனக்கு இனி என்னத்துக்கு? மற்றப் பெண்டுகளுக்காகத்தான் வந்தனான்" என்றான்.

அவர்கள் பார்த்திருக்கவே எழுதினேன். உறையை ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெயிலில் நடந்துபோய் அமைச்சில் தானே கொடுத்தான். இப்போது உமது மேசையில் கிடக்கும் கடிதம் அதுதான். கையெழுத்து என்னுடையது, மறுக்கவில்லை. ஒப்பீடு நல்லபடி நடக்கிறது, எவர் வந்து கேட்டாலும் காலம் முடியுமுன் படகை விடவேண்டாம் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்தில் நெடுந்தீவில் ஆறு தாய்மார் செத்தார்கள். அந்த இரண்டு நிறைமாதக்காரிகளில் ஒருத்தியும் அதற்குள் அடக்கம். நயினாதீவில் எவருமில்லை. ஆக, படகால் பயனுண்டு. என் கட்டுரை வந்தபிறகுதான் அமைச்சு படகை நிரந்தரமாக்கியது. எனக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. தீவார் இன்றைக்கும் அந்த டாக்குத்தரிடம் மருந்து வாங்குகிறார்கள். ஒருவராவது எனக்கு நன்றி சொன்னதில்லை. அவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் என் பிழைதான்.

கொலை என்று எழுதுகிறீர் போலும். எழுதும். ஆனால் மாக்கிறேற்றுக்கு நான் துரோகம் செய்ததாக மட்டும் எழுதவேண்டாம். அவளுடைய சாவுக்கு ஓர் அர்த்தம் கொடுத்தவன் நான். நான் இல்லையென்றால் அவள் வீணாகத்தான் செத்திருப்பாள்.