புதுப் பூட்டு

மாத்தளையிலிருந்து எல்கடுவ போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"கூட்டு வேணாம்னு என் கூட்டாளி வாயால சொல்லலண்ணே. கடைக்குப் புதுப் பூட்டுப் போட்டுட்டான்."

"எழுத்துல ஏதும் இருந்துச்சா?"

"ஆளுக்கொரு சாவி, அவ்வளவுதான் எழுத்து. பழைய சாவியப் போட்டுத் திருகுறேன், எதுத்த கடைக்காரங்க பாக்குறாங்க. சாவி தேஞ்சிருச்சுன்னு சமாளிச்சிட்டு வந்தேன்."

"வாயால சொல்லியிருந்தா?"

"நானே சாவியக் கையில குடுத்திருப்பேனே."

பின் சீட்டில் இருந்த எனக்கு அந்த மலைக் குளிரிலும் வியர்த்தது. என் கூட்டாளிக்குத் தெரியாமல் எங்கள் கடைக்கு வாங்கிய புதுப் பூட்டு என் மடியில் இருந்தது. அதன் மூன்று சாவிகளையும் என் கொத்திலேயே கோத்திருந்தேன், என்ன சாமர்த்தியம்! பஸ் குலுங்கும்போதெல்லாம் அவை சத்தம் போட்டன. மறைக்க இருமினேன், வளைவுக்கு வளைவு இருமினேன்.

கதை சொன்னவர் திரும்பித் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"குடிங்கண்ணே, பாவம்."