ரெண்டு காதும் தெரியணுமாம்

காது தெரியலையாம்! காது!

இல்ல சார், நீங்க உக்காருங்க, நான் உங்களச் சொல்லல. உங்க காதையும் சொல்லல. காதுக்கு என்ன கொறை, நல்லா ஜோடியாத்தான் இருக்கு. அந்த பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டர்ல இருக்கே ஒரு அம்மா, அதச் சொல்றேன். நான் எடுத்த போட்டோவ மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்துட்டு, 'மூஞ்சி சரி, காது மங்கலா இருக்கு, வேற எடுத்துட்டு வாங்க'ன்னு திருப்பி அனுப்பிச்சாங்களாம். ஏன், காதப் பிடிச்சா உங்கள பிளேன்ல ஏத்தப் போறாங்க?

நாலு மணிக்கு கவுண்டர மூடிருவாங்களா? இப்ப ரெண்டேகால்தான். தாராளமா இருக்கு நேரம். ஸ்டூல்ல நேரா உக்காருங்க. தாடைய கொஞ்சம் எறக்குங்க... அவ்வளவு எறக்காதீங்க, திருடிட்டு மாட்டுன ஆளு மாதிரி இருக்கு. ஆங், அப்படி.

இந்த மாசத்துல நீங்க ஏழாவது ஆளு சார். ஏழு பேருக்கும் இதே காது பிரச்சினை. ஆறு பேரு திரும்பியே வரல. நேரா எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. நீங்க வந்தீங்க பாருங்க, நீங்க மனுஷன்.

இதப் பாருங்க, இந்த லென்ஸ். ஒரு தடவ தூக்கிப் பாருங்க. ரெண்டு கையாலயும் சார், ரெண்டு கையாலயும்! ஒண்ணேகால் கிலோ. முன்னாடி கண்ணாடி எவ்வளவு அகலம் பாத்தீங்களா? இதோட ஓட்டை ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. நம்பர் கொறையக் கொறைய ஓட்டை பெருசு. தலைகீழாத்தான் வெச்சிருக்கானுங்க. அஞ்சாவது படிச்ச எனக்கே வெளங்கிருச்சு, உங்களுக்கு வெளங்காதா? ஓட்டை பெருசுன்னா வெளிச்சம் கொட்டும். ஒத்த மெழுகுவத்தி இருந்தாப் போதும், படம் எடுத்துரலாம். மெழுகுவத்தி வெளிச்சத்துல எவன் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பான்னு கேக்காதீங்க. அவன் அப்படித்தான் கேட்டான்.

யாரா? அதோ, எதிர்ல பச்சை போர்டு தெரியுதா? அவன்தான். வேற யாரும் இல்ல, என் தம்பி. கூடப் பொறந்தவன்தான். இருபத்திரெண்டு வருஷம் இதே கடைல எங்கூட நின்னவன். நான் இந்த ரோட்டத் தாண்டி மூணு வருஷம் ஆச்சு சார். பால்கடை அந்தப் பக்கம். இருந்தாலும் நான் இந்தப் பக்கமா சிக்னல் வரைக்கும் நடந்து வேற கடைல வாங்கிட்டு வர்றேன். வர்றதுக்குள்ள பால் திரிஞ்சு போவுது. போவட்டும். வைராக்கியம்னா வைராக்கியம்.

அவன் வெச்சிருக்குற லென்ஸ நீங்க பாக்கணுமே! ஷூ பாலிஷ் டப்பா மூடி தெரியுமா? அவ்வளவுதான். சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு கல்யாண வேலைக்குக் கெளம்புறான். தொழிலுக்குப் போறானா, மூக்குப்பொடி வாங்கப் போறானான்னு பாக்குறவனுக்குத் தெரியாது. நான் இத மாட்டிக்கிட்டு ஒரு ஹாலுக்குள்ள நொழைஞ்சா கூட்டம் தானா வெலகும் சார். மரியாதை! இடிச்சிருவேன்னு பயந்துகூட வெலகுவாங்க, அதுவும் மரியாதைதான்.

ஸ்பீடு லென்ஸ்னு இதுக்குப் பேரு. என்ன, இதத் தூக்கிக்கிட்டு நான் மேடையச் சுத்தி வர்றதுக்குள்ள பொண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறிருவாங்க. அது லென்ஸோட தப்பா? அவங்களுக்கு என்ன அவசரம்? கழுத்து வேற... பாருங்க, எடது பக்கம் இவ்வளவுதான் திரும்பும். இது லென்ஸால இல்ல. தலகாணி சரியில்ல. என் வீட்டுக்காரி மட்டும், 'புள்ளைய எறக்கி வெச்சுட்டு சாப்புட வாங்க'ன்னு நக்கல் பண்ணுவா. தைலம் தேய்க்கும்போதுகூட தம்பி பேர இழுப்பா. 'சின்னவரு சொன்னாரு, சின்னவரு சொன்னாரு.' தைலம் எரிச்சலா, அவ பேச்சு எரிச்சலான்னு எனக்கே தெரியாது.

செல்லப் பாக்காதீங்க சார், கண்ணு கீழ போவுது.

காது எங்க போச்சுன்னுதான கேக்குறீங்க? சொல்றேன். பெரிய ஓட்டைன்னா எங்க குறி வெக்கிறமோ அந்த எடம் மட்டும்தான் தெளிவா விழும். கண்ணுன்னா கண்ணு. ரெண்டு வெரக்கடை பின்னாடி போனா எல்லாம் கரைஞ்சிரும், சக்கரையத் தண்ணில போட்ட மாதிரி. அதுதான் சார் அழகே! இந்த வளையத்தத் திருப்பி எட்டுல வெச்சா ஓட்டை சின்னதாயிரும். அப்பக் காது, கழுத்து, பின்னாடி செவுத்துல இருக்குற பல்லி வரைக்கும் தெரியும். வெக்கலாம். வெக்க மாட்டேன். வெல குடுத்து வாங்குன ஓட்டைய நான் ஏன் மூடணும்? கெணறு வெட்டிட்டு அது மேல பலகையப் போட்டு எவனாவது உக்காருவானா?

இதுலதான் சார் எல்லாம் போச்சு. மில்லு மேனேஜரு ஒருத்தரு, முப்பது வருஷ சர்வீஸ் முடிச்சு ஓய்வு பெறுறாரு. கேண்டீன் ஹாலுல குரூப் போட்டோ. மூணு வரிசை, நாப்பது பேரு. முன்வரிசைல நடுவுல அவரும் அவரு சம்சாரமும். நான் கேமராவத் தூக்குறேன், பின்னாடிலேர்ந்து இவன் கத்துறான்: 'அண்ணே, எட்டுல வெய்யிண்ணே!' நாப்பது பேரு முன்னாடி சார்! தொழில் சொல்லிக் குடுத்த அண்ணனுக்கு! ஒருத்தன் சிரிச்சான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்...

படம் வந்துச்சு. ரெண்டாவது வரிசைல நிக்கிற டிரைவரு, பளிங்கு மாதிரி இருக்காரு. மீசைல ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம். முன்னாடி உக்காந்த மேனேஜரு, மூடுபனில காணாமப் போனவரு மாதிரி இருக்காரு. 'முப்பது வருஷம் ஒழைச்சதுக்கு என் டிரைவர் படத்தக் குடுத்திருக்கீங்களே'ன்னு கேட்டாரு மனுஷன். டிரைவரு மட்டும் பெருசா பிரேம் போட்டு வீட்டுல மாட்டிட்டாராம். அடுத்த வாரமே தம்பி எதிர்ல கடை போட்டான். 'நீ ஓட்டையோடயே இருண்ணே'ன்னுட்டுப் போயிட்டான். மறக்க முடியுமா அந்த வார்த்தைய?

சரி, அதெல்லாம் போவட்டும். இப்பப் பாருங்க கூத்த. அவன் பொண்ணுக்கு ஞாயித்துக்கெழம கல்யாணம். நாளான்னிக்கு! பத்து நாளைக்கு முன்னாடி அந்தப் பொண்ணே வந்துச்சு. இந்த மேசை மேல ஒரு டப்பாவ வெச்சுச்சு. 'பெரியப்பா, நீங்கதான் எடுக்கணும். அப்பா பொண்ணு வீட்டுக்காரரா நிக்கணும், கேமராவத் தூக்க முடியாது. வேற ஆள் யாருக்கும் சொல்லல. முடியாதுன்னா இந்த டப்பாவ மட்டும் திருப்பிக் குடுத்தனுப்புங்க'ன்னுச்சு. டப்பாவுக்குள்ள என்ன? அந்த பாலிஷ் மூடி! பாருங்க திமிர! கல்யாணத்துக்கும் கூப்புடுவானாம், எதுல எடுக்கணும்னும் அவனே சொல்லுவானாம். அந்தப் பொண்ணு பொறந்தன்னிக்கு மொதப் படம் எடுத்தது யாரு? நான்!

அப்ப எதுல எடுத்தேனா? ...அப்ப எங்கிட்ட இருந்தது சின்ன லென்ஸுதான். அத விடுங்க.

பத்து நாளா டப்பாவ அனுப்பவும் இல்ல, பிரிக்கவும் இல்ல. இருங்க, இப்பப் பிரிக்கிறேன். உங்களுக்காகத்தான். எவ்வளவு மட்டமா வரும்னு நீங்களே கண்ணால பாத்துருங்க, சாட்சி சொல்ல ஒரு ஆளு வேணும்ல. இந்தா, மாட்டிட்டேன். என்ன இது, கேமராவே கைல இல்லாத மாதிரி இருக்கு! விழுந்துருச்சோன்னு ஒரு நிமிஷம்... சரி, எட்டுல வெக்கிறேன். இது என் ஓட்டை இல்லல்ல, அவன் ஓட்டை. அத மூடுறதுல எனக்கென்ன நஷ்டம்? அசையாதீங்க. ம்ம்ம். ஆச்சு.

நான் உள்ள போயி பிரிண்ட் போடுறேன். கதவு தெறந்துதான் இருக்கு, கேக்குதுல்ல? மெஷினு சூடாகக் கொஞ்ச நேரம் புடிக்கும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன் சார், வெளிய சொல்லாதீங்க. அன்னிக்கு கேண்டீன்ல... அவன் கத்துறதுக்கு முன்னாடியே நான் எட்டுலதான் வெச்சிருந்தேன். ஆமா. எனக்குத் தெரியாதா, நாப்பது பேரு குரூப்புக்கு எட்டுல வெக்கணும்னு? அவன் சொன்னான், எவனோ சிரிச்சான். இப்ப எட்டுலயே எடுத்தா இவன் சொல்லித்தான் வெச்சேன்னு ஆயிருமே! அதான், ஒரே திருப்பு. திரும்ப ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. கோவத்துல குறி வேற தப்பி டிரைவரு மேல போயிருச்சு. இத இது வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. மூணு வருஷமா சிக்னல் வரைக்கும் நடந்து பால் வாங்குறேன் சார், இந்த ஒரு திருப்புக்கு.

வந்துருச்சு, வந்துருச்சு... அட. அடேயப்பா! ரெண்டு காதும் இருக்கு! சார், உங்க எடது காது மடல்ல ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா? பொட்டு வெச்ச மாதிரி! வெளிச்சம் இன்னிக்கு நல்லா இருந்துச்சு, அதான். லென்ஸால இல்ல. இந்தாங்க, நாலு காப்பி...

சார்?

...எந்திரிச்சுப் போயிட்டாரு. ஸ்டூலு காலியா கெடக்கு. மணி என்ன... ஐயய்யோ, மூணு முப்பத்தஞ்சா! எங்க போனாரு மனுஷன்? அதோ. அங்கதான். பச்சை போர்டுக்குள்ள. உக்கார வெச்சுட்டான். தாடைய எறக்கச் சொல்றான். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே ரெண்டு வெரலால தொட்டு எறக்குறான். தலை என்ன இப்படி நரைச்சுப் போச்சு இவனுக்கு?

சரி. போட்டோவக் குடுத்துட்டு வந்துரலாம். தொழில்னா நாணயம் வேணும். அதுக்காகத்தான் போறேன், வேற ஒண்ணுக்கும் இல்ல. அப்படியே டப்பாவையும் மேசைல வெச்சுட்டு வந்துருவேன். டப்பாவ மட்டும். லென்ஸு கேமராவுலயே இருக்கட்டும், ரோட்டுல கழட்டுனா உள்ள தூசி போயிரும்.

இந்த லாரி போவட்டும்... ஏன்யா இந்த ரோடு இவ்வளவு அகலமா இருக்கு?

டேய்! டேய் தம்பி! எடுக்காதடா, நிறுத்து! அவரு காது எங்கிட்ட இருக்குடா!