சுவருக்கு அப்பால் வீசிய நத்தைகள்

மண்வெட்டி பிடித்த கையாலேயே மாலையை ஏற்றுக்கொண்டு வீற்றிருக்கும் கிள்ளான் தோட்டக் குழுத் தலைவர் இராமலிங்கம் அவர்களே, வாளியும் வாஞ்சையுமாய்ச் செடி வளர்க்கும் தாய்மார்களே, பெரியோர்களே, ஷா ஆலம் நெரிசலில் நீந்தி வந்த நண்பர்களே, உங்கள் லியோனலின் பணிவான வணக்கம்.

நத்தையை அடக்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அதற்கு முதலில் நான் என் குற்றத்தைப் பேசியாக வேண்டும்.

போன மழைக்காலத்தில் என் கீரைப் பாத்தியைப் பார்த்தீர்களா? தளிர் இருந்ததா? தண்டு இருந்ததா? நத்தைகள் இழுத்த வெள்ளிக்கோடுகள்தாம் மிச்சமிருந்தன. நத்தைகளைப் பொறுக்கினேன், பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவின் சுவருக்கு அப்பால் வீசினேன். சிரிக்காதீர்கள் அம்மா, நீங்களும் வீசியிருப்பீர்கள். வீச வீச வந்தன. வந்த ஆத்திரத்தில் நத்தை மருந்தை வாங்கிப் பாத்தியைச் சுற்றித் தூவினேன்.

கேட் இடுக்கில் நுழைந்து அதைத் தின்றது அக்காவின் நாய் ஜிம்மி.

நடுநடுங்கும் நாயை ஏந்தியபடி அக்கா வாசலில் நின்றார். மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் காரை விரட்டினேன். வழியில் சொன்னேன்: "மருந்து போட்டது நான்தான் அக்கா. உங்க பக்கம் நத்தையைத் தூக்கிப் போட்டதும் நான்தான்."

அக்கா ஜிம்மியை மடியோடு அணைத்துக்கொண்டார். பிறகு, "தெரியும் அண்ணே. நானும் திருப்பி உங்க பக்கம்தான் போட்டுக்கிட்டு இருந்தேன் லா. இப்ப ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றார்.

ஜிம்மி பிழைத்தது. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் துணிவில்லை. அவரே வந்தார், கையில் ஈரச் சாக்கோடு.

அன்றிலிருந்து இரு வீட்டிலும் அந்தியில் சாக்கை விரிக்கிறோம், காலையில் புரட்டுகிறோம். அடியில் ஒண்டியிருக்கும் நத்தைகளை, ஓடில்லாதவற்றையும் சேர்த்து, கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுகிறோம். செடிக்குத் தண்ணீர் காலையில் மட்டும். மாலை ஈரம் நத்தைக்கு விருந்து.

ஒழிந்ததா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஒழியவில்லை ஐயா, குறைந்திருக்கிறது. இரு வீட்டுக்கும் போதுமான கீரை வருகிறது.

நத்தைக்கு என் நிலம் ஏது, உன் நிலம் ஏது? ஒரு வீட்டில் விரட்டினால் மறு வீட்டில் பெருகும். இரு வீடும் இணைந்தால்தான் எண்ணிக்கை இறங்கும். ஆகவே நாளைக் காலையே சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேளுங்கள்: "அக்கா, சாக்கு போட்டாச்சா?" அந்த ஒரு கேள்விக்காக ஓர் உயிர் போய் மீள வேண்டியிருந்தது எனக்கு. உங்களுக்கு அது வேண்டாம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இதை மேடையில் சொல்ல இசைந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் வீரம்மா அக்காவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.