ஃபசீக் தின்ற இளவரசன்

ராவ்யா: ரொம்ப நொண்டாதீங்க ஷஹீராக்கா, சிரிப்பு வருது.

ஷஹீரா: கணுக்கால் பிசகிடுச்சுடி... ஸ்ஸ்... இன்னிக்கு பாலேவுல இளவரசி வேஷம் உனக்குத்தான்.

ராவ்யா: காலையில ஒத்திகையில பம்பரமா சுத்துனீங்களே!

ஷஹீரா: அது காலையில.

ராவ்யா: திரை தூக்க அரை மணி நேரம்தான் இருக்கு. இப்பப் போய்...

ஷஹீரா: நாலு வருஷமா பின்வரிசையில நின்னுக்கிட்டு என் ஆட்டத்தையே ஆடிப் பாக்குறவ நீ. தெரியாதுன்னு மட்டும் சொல்லாத.

ராவ்யா: உண்மையச் சொல்லுங்க. இஸ்மத் பக்கத்துல போனீங்களா?

ஷஹீரா: போனேன்... ஏண்டி, அது இளவரசன் வாயா? மீன் கூடையைக் கவுத்த மாதிரி!

ராவ்யா: ஷம் அல்-நசீம் பண்டிகையாச்சே. கெய்ரோவே இன்னிக்கு ஃபசீக்கும் வெங்காயமும்தான்.

ஷஹீரா: ஊரு தின்னட்டும். என்னைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கப் போறவன் அந்த அழுகல் உப்பு மீனைத் தின்னலாமா?

ராவ்யா: அப்ப பிசகுனது காலு இல்ல... மூக்கு!

ஷஹீரா: வாயை மூடிக்கிட்டு ஷூ ரிப்பனைக் கட்டு. உனக்கு மட்டும் நாறாதா?

ராவ்யா: எனக்கு... ஒரு வாரமா ஜலதோஷம்.

ஷஹீரா: ஓ... ஜலதோஷம்.

ராவ்யா: ஆமாக்கா. மூக்கு கல்லு மாதிரி அடைச்சிருக்கு.

ஷஹீரா: ஆட்டம் இருக்கிற அன்னிக்கு இஸ்மத் வாயைக் கட்டுறவனாச்சே. யாரு கொடுத்தது?

ராவ்யா: இந்த ரிப்பன்... முடிச்சே விழ மாட்டேங்குது.

ஷஹீரா: ராவ்யா.

ராவ்யா: அம்மா கொடுத்து விட்டாங்க. ஒரு துண்டு எடுத்துக்கங்கன்னேன், பொட்டலத்தையே காலி பண்ணிட்டாரு. மன்னிச்சிருங்கக்கா... ஒரே ஒரு தடவை முன்னால நின்னு ஆடிடணும்னு... நீங்க மூக்கைப் பிடிச்சிட்டு ஓடிருவீங்கன்னு... இயக்குநர்கிட்ட சொல்லிடாதீங்க!

ஷஹீரா: அழாதடி, மை கரையுது. குனிஞ்சு என் காலைப் பாரு.

ராவ்யா: ஐயோ! என்னக்கா இது, இப்படி வீங்கிக் கிடக்கு!

ஷஹீரா: மூணு வாரமாச்சு. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆடுனேன்.

ராவ்யா: சொல்லியிருக்கலாம்ல?

ஷஹீரா: சொல்லியிருந்தா மாஸ்கோவுக்குத் தந்தி பறந்திருக்கும். நமக்கு பாலே கத்துக்கொடுத்ததே ரஷ்யாக்காரங்கதானே, நம்ம கம்பெனி பிறந்ததுலேர்ந்து அதானே வழக்கம்? இங்க ஒருத்திக்குக் கால் வலிச்சா அங்கேர்ந்து ஒருத்தி விமானம் ஏறுவா. இந்த அரை மணி நேரத்துல எவ வருவா?

ராவ்யா: எனக்காகவா... மறைச்சீங்க?

ஷஹீரா: உனக்காகத்தான், கழுதை. இயக்குநர் தலையில கையை வச்சிக்கிட்டு உன் பேரைச் சொல்லியாச்சு. நீ அந்த மீனைக் கொடுத்திருக்கவே வேண்டாம்! நல்லவேளை, உனக்கு ஜலதோஷம்.

ராவ்யா: அக்கா... ஜலதோஷம் சும்மா சொன்னேன்.