கடைசிப் பக்கத்து நான்கு வரிகள்

படம் நன்றாகவே இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், படம் பிடிக்காத ஆத்திரத்தில் செய்துவிட்டாள் என்று நீங்கள் எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். எனக்கு ஆத்திரமெல்லாம் வராது ஐயா. எங்கள் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். இப்போது கேட்பதற்கு அக்கா ஒருத்திதான் இருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

நான் ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துபவள். இருபத்தேழு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அத்தான் எழுதியதெல்லாம் என் கை வழியாகத்தான் அச்சுக்குப் போகும். அத்தான் என்றால் அக்காவின் கணவர். உங்களுக்கு அவர் பிரபல எழுத்தாளர். எனக்கு அவர், குளித்த துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வருகிற மனுஷர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தேன். பார்த்த இடத்திலெல்லாம் கமா போடுகிறேன் என்று அத்தான் எனக்குக் 'கமா' என்றே பெயர் வைத்துவிட்டார். அக்கா கோபமாக இருந்தால் மட்டும் என்னை நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

அந்த நாவலை நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காவிட்டாலும் படித்ததாகச் சொல்லியிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற பெண்ணின் கதை. படகோட்டியான கணவன் ஒரு நாள் அக்கரைக்குப் போனவன் திரும்பவில்லை. செத்தானா, அங்கேயே தங்கிவிட்டானா, தெரியாது. அவள் முப்பது வருஷம் அதே ஜன்னலில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறாள். பத்தொன்பது வருஷத்தில் இருபத்திரண்டு பதிப்பு. இருபத்திரண்டையும் நான்தான் பார்த்தேன்.

அத்தான் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் கதை எப்படி முடிந்தது தெரியுமா? 'அவள் டிக்கெட் ஜன்னலை மூடினாள்.' அவ்வளவுதான். அச்சுப்படி வந்தபோது பார்த்தேன், கடைசிப் பக்கத்தில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. என் பேனாவால் நான்கு வரி சேர்த்தேன்.

'மூடியபின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆறு அதே இடத்தில்தான் இருந்தது. போனது ஆறு அல்ல, தண்ணீர். காத்திருந்தது அவள் அல்ல, அவள் வயது.'

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? புத்தகம் வந்த அன்று அத்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "கமா, ஒரு டீ கிடைக்குமா?" என்றார். போட்டுக் கொடுத்தேன். அதற்குப்பின் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆனால் உலகம் பேசியது. அந்த நான்கு வரியைக் கல்யாண அழைப்பிதழில் போட்டார்கள். கல்லறையிலும் போட்டார்கள். ஒருவன் முதுகில் பச்சை குத்திக்கொண்டு வந்து அத்தானிடம் சட்டையைக் கழற்றிக் காட்டினான். 'அவள் அல்ல' என்பதை 'அவளள்ள' என்று குத்தியிருந்தான். முதுகைத் திருத்த முடியாதே என்று எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கூட்டங்களில் அத்தான் அந்த வரிகளுக்குக் கைதட்டல் வாங்கும்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வரி இருக்கிறது, அது போதும்.

பிறகுதான் படம் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. வாசகர்கள் கொதித்துப்போனார்கள். அவரவர் மனசுக்குள் ஒரு டிக்கெட் ஜன்னல் கட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் யாரோ ஒரு நடிகை வந்து உட்காருவதை எப்படிப் பொறுப்பார்கள்? வாசகர் வட்டத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்து குதித்தார்.

"சார், அந்தப் பொண்ணுக்கு மூக்குல ஒரு சின்ன வளைவு இருக்கும்னு நாப்பத்தெட்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. இந்த நடிகைக்கு மூக்கு ரூல் போட்ட மாதிரி இருக்கு. இத நாங்க எப்படி ஏத்துக்கறது?"

"எனக்கே ஞாபகமில்ல. நீங்க சொல்லித்தான் தெரியுது" என்றார் அத்தான்.

இயக்குநர் ஒரு சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது. ஜிப் அறுந்த பையோடு வருவாள், பையிலிருந்து நிலக்கடலையை எடுத்துக் கொறித்துக்கொண்டே பேசுவாள். என் நாவல் பிரதியைவிட அவளுடைய பிரதியில் அதிகக் குறிப்பு இருந்தது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ஒரு நாள் சமையலறையில் எனக்குப் பாத்திரம் துடைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அந்தக் கடைசி நாலு வரி மட்டும் சார் எழுதின மாதிரியே இல்ல. அழகா இருக்கு, இல்லேங்கல. ஆனா யாரோ அவசரமா வந்து, கதைக்கு அர்த்தம் சொல்லிட்டுப் போன மாதிரி இருக்கு."

"அப்படியா?" என்றேன். ஒரு தட்டை இரண்டு முறை கழுவினேன்.

வெளியீட்டுக்கு எட்டு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயந்திரம், நாற்பது நாற்காலி போட்ட ஒரு சின்ன அரங்கில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். செயலாளர் கண்டன நோட்டீஸ் அடித்துப் பையில் தயாராக வைத்துக்கொண்டு வந்திருந்தார். படம் ஓட ஓட அந்த நோட்டீஸை எடுத்துக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னால், அத்தான் ஐம்பது பக்கம் எழுதி மூச்சு வாங்கிய இடத்தை அந்தப் பெண் ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். சில்லறை கொடுக்கும்போது நடிகையின் விரல் ஒரு நொடி நிற்கிறது. அவ்வளவுதான், முப்பது வருஷமும் அதில் வந்துவிட்டது. மூக்கை யாருமே பார்க்கவில்லை. புத்தகத்துக்குப் படம் ஈடாகுமா என்று காலங்காலமாக அடித்துக்கொள்கிறார்களே, அன்றைக்கு அந்த அரங்கில் அதற்குப் பதில் இருந்தது. ஈடாகும். ஒரு படி மேலேயும் போகும்.

முடிவில் அவள் ஜன்னலை மூடினாள். பலகை விழுகிற சத்தம். திரை இருட்டு. நான் காத்திருந்தேன். ஆறு வரும், குரல் வரும் என்று. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அத்தான் எழுந்து போய் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் எழுத நினைச்சது இதுதாம்மா" என்றார். அழுதுகொண்டிருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்து ஒன்றும் சொன்னதில்லை. அது தேவையும் இல்லை.

மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"கமா, படத்தோட சேர்த்துப் புதுப் பதிப்பு வருதில்ல? அதுல கடைசி நாலு வரிய எடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏன் அத்தான்?"

"படம் பார்த்ததும் தெளிஞ்சுடுச்சு. கதை ஜன்னலோட முடிஞ்சுபோகுது. அந்த வரிங்க என்னோடது இல்லையே."

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அதைச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு அலுவலகத்தில் ஒரு சமையல் புத்தகம் பார்த்தேன். நூற்றுப்பத்து பக்கம், ஒரு பிழை தப்பவில்லை.

என் வரிகள் போகின்றன என்று நான் வருத்தப்பட்டதாக நினைக்க வேண்டாம். நான் வாசகர்களைத்தான் நினைத்தேன். முதுகில் குத்திக்கொண்டவன் என்ன செய்வான்? கல்லறையில் வெட்டியவர்கள்? ஒரு மனுஷர் படம் பார்த்த உற்சாகத்தில் அத்தனை பேர் நெஞ்சிலும் கோடு போட்டு அடித்துவிடலாமா? எழுத்தாளர் உயிரோடு இருக்கும்வரை புத்தகத்தில் கைவைத்துக்கொண்டேதான் இருப்பார். அவர் போய்விட்டால் ஒரு புள்ளியை நகர்த்தக்கூட யாருக்கும் மனசு வராது. இது என் தொழில் சொல்லிக்கொடுத்தது.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள், எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அதனால் வீட்டு மருந்து மாத்திரை என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தானின் இருதய மாத்திரைகளை ஏழு அறைப் பெட்டியில் போட்டு வைப்பேன். அக்காவுக்கும் ஒரு மாத்திரை உண்டு. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அது அத்தானுக்கு ஆகவே ஆகாது, மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வீட்டில் ஆள் இருக்கிறாள் என்று அத்தான் அவரிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு அறையிலும் அக்காவுடையதைப் போட்டேன். தெரிந்தே நான் விட்ட ஒரே பிழை அது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கூடவே முணுமுணுத்ததாகக்கூட ஞாபகம்.

திங்கட்கிழமை தலை சுற்றுகிறது என்றார். படம் பார்த்த மயக்கம் என்று அக்கா கேலி செய்தாள். செவ்வாய்க்கிழமை காலை பேப்பரில் படத்து விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரை போட்டுக்கொண்டார். அக்கா கிளம்பிப் போயிருந்தாள். ஒன்பது மணிவாக்கில் தலை மேஜைமேல் சாய்ந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டீர்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் இருக்கும். ஏற்கெனவே இருதய நோயாளி, யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. புதுப் பதிப்பில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். படத்திலும், அஞ்சலியாக, ஜன்னல் மூடியபின் அந்த நான்கு வரியைத் திரையில் போட்டார்கள். செயலாளர்தான் அழுது மன்றாடிப் போட வைத்தாராம். நான் பதினோரு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கீழே அத்தான் பெயர்.

பன்னிரண்டாம் முறை போவதற்குள் இயக்குநர் வீட்டுக்கு வந்தாள். ஒரு கண்காட்சிக்குக் கையெழுத்துப் பிரதி வேண்டும் என்றாள். அதோடு நான் முதல் அச்சுப்படியையும் எடுத்துக் கொடுத்தேன், கடைசிப் பக்கத்தைத் திறந்தே கொடுத்தேன். யாராவது ஒருத்தருக்காவது தெரியட்டுமே. அவளும் ஒரு கதையைப் படைத்தவள்தானே, புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அக்கா, இந்த வரிகள எடுக்கப்போறேன்னு சார் என்கிட்ட சொன்னாரு. உங்ககிட்டயும் சொன்னாரா?"

"ஆமா, வெள்ளிக்கிழமை காலைல" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அவள் அக்காவிடம் போய் மெதுவாக ஏதோ பேசினாள். அக்காவுக்கு அப்போதுதான் தன் டப்பாவில் ஏழு மாத்திரை குறைந்தது ஞாபகம் வந்திருக்கிறது. அத்தான் பெட்டியில் மிச்சமிருந்த ஐந்து நாள் மாத்திரையும் அப்படியே இருந்தது. நான் கொட்டியிருக்கலாம்தான். அவர் கை பட்ட பெட்டி, மனசு வரவில்லை. மறுநாள் நீங்கள் வந்தீர்கள். வந்தவுடன் ஒப்புக்கொண்டேன். ஆம், நான்தான் கொன்றேன்.

நேற்று அக்கா என்னைப் பார்க்க வந்தாள். என் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு தாளைக் கம்பிக்குள் நீட்டினாள். புதுப் பதிப்புக்கு அத்தான் எழுதிய முன்னுரை. திங்கட்கிழமை மத்தியானம், தலைசுற்றலோடு எழுதியிருக்கிறார். 'பத்தொன்பது ஆண்டுகளாக நான் பாராட்டு வாங்கிய கடைசி நான்கு வரிகள் என்னுடையவை அல்ல. சொல்லத் துணிவில்லாமல் இருந்துவிட்டேன். படம் எனக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது. அவற்றைக் கதையிலிருந்து எடுத்து, எழுதியவளின் பெயரோடு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் தனியாக வைக்கிறேன்.' கீழே என் முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு.

"புத்தகம் அச்சாகி வர்ற அன்னிக்கு உன் கையில கொடுக்கணும்னு ஒளிச்சு வச்சிருந்தாரு" என்றாள் அக்கா.

நான் முழுவதும் படித்தேன். இரண்டாம் தாளில் ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. யோசித்துப் பாருங்கள் ஐயா. எதை எழுதினாலும் முதலில் என்னிடம் காட்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இதையும் திங்கட்கிழமையே காட்டியிருந்தால், பெட்டியை வாங்கி மாத்திரையை மாற்றி வைத்திருப்பேன், மனுஷர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். என்னிடம் காட்டாமல் ஒளித்து வைத்தது அவர் தப்பு. அதையும் வாக்குமூலத்தில் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.