கசங்காத மணல்

— …ஒரு பல்லுகூடவா கிடைக்கல, அண்ணி?

— எழுபது கூடை மண்ணு சலிச்சிட்டேன். கண்ணு பூத்துப்போச்சு. ஒண்ணும் இல்ல.

— எலும்பெல்லாம் கரைஞ்சிருக்கும்…

— எலும்பு கரையும், பல்லு லேசுல கரையாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீதான்.

— அப்ப திருடன் வந்திருப்பான்.

— கல்லறை மேல மூடின கல்லு அசையவே இல்ல. ரெண்டாயிரம் வருஷமா அப்படியே கெடக்கு. உன் திருடன் காத்துல கரைஞ்சு வந்தானாக்கும்!

— சரி, அறிக்கையை நீங்களே எழுதுங்க. நான் படம் வரையற வேலையைப் பாக்கறேன்.

— என்ன இன்னைக்குப் பென்சிலு? உங்க அண்ணன் கப்பல்ல கொண்டுவந்த பேனா எங்க?

— மை தீந்துபோச்சு. உங்க கையிலயும்தான் அவரோட கடிகாரத்தைக் காணோம்.

— மண்ணு படுதுன்னு கழட்டினேன்… அதை விடு. இங்க எறங்கி வா. இந்தக் கல்லுப் பெட்டிக்குள்ள மணலைப் பாரு.

— ஆத்து மணல்.

— தடவி விட்டிருக்காங்க. ஒரு ஆள் படுக்கற நீளம். எங்கயும் கசங்கல. தலைமாட்டுல சீப்பு வச்சிருந்தாங்க, கைக்கு எட்டற தூரத்துல தண்ணிக் கிண்ணம்… ஆளை மட்டும் காணோம்.

— …வரவே இல்லையோ?

— எங்கயோ போனவன். பாத்துப் பாத்து அலுத்துட்டு, வெறும் படுக்கைக்கு மேல இத்தனாம் பெரிய மேட்டைக் குவிச்சிருக்காங்க.

— ஆளே இல்லாம… இவ்வளவு மண்ணா?

— கடல்லேருந்து பாத்தாலும் தெரியட்டும்னு நெனச்சிருப்பா.

— யாரு?

— யாரோ ஒருத்தி.

— அண்ணி…

— சொல்லு.

— ஒண்ணுமில்ல.

— பையில இருக்கற காகிதம்தானே? கடல்ல காணாமப் போயி ஏழு வருஷம் ஆச்சு, உங்க அண்ணன் செத்துட்டார்னு நான் கையெழுத்துப் போடணும். அத்தை குடுத்தனுப்பினாங்க.

— எப்படித் தெரியும்?

— பத்து நாளா அந்தப் பையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டுத் திரியற.

— கப்பலே கிடைக்கல அண்ணி. நானும் எத்தனை துறைமுகம் ஏறி எறங்கினேன்…

— பொணத்தைக் காட்டு, போடறேன்னு சொன்னேன்.

— சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் தொறந்தேனா?

— தொறக்கல… சரி, குழியை மூட ஆளுங்க வந்துட்டாங்க. அடியில காசு வச்சியா?

— வைக்கணுமே. இந்த வருஷத்துக் காசு இருந்தாத்தானே, நாளைக்கு இன்னொருத்தன் தோண்டும்போது நாம முன்னாலயே தோண்டிட்டோம்னு தெரியும்.

— பாடம் எடுக்காத. வச்சியா, இல்லையா?

— காலையில வைக்கலாம்னு மணல் ஓரத்தை லேசா விலக்கினேன்…

— எந்த ஓரம்?

— தலைமாட்டுப் பக்கம்.

— …பாத்துட்டியா?

— பாத்தேன். கடிகாரம் இன்னும் ஓடிட்டிருந்தது.

— குழியில நம்ம பொருளைப் போடக் கூடாதுதான். திட்டு.

— எப்படி அண்ணி திட்டறது? நானும் காசு வைக்கல.

— பின்ன?

— கடிகாரத்துக்குப் பக்கத்துல… அந்தப் பேனாவை வச்சு மணலை மூடிட்டேன்.

— அட பைத்தியக்காரா… அப்ப நான் எதால கையெழுத்துப் போடறது?