பாதி லோடு கிழங்கு

சாப்பாடு ஆனதும், பின்வரிசையில லேப்டாப்போட உக்காந்திருக்கிற அந்த நாலு பேர் ஆலைக்காரங்க உங்ககிட்ட வருவாங்க. அரிசி ஆலை எல்லாம் சூரிய மின்சாரத்துக்கு மாறினா யாருக்கு என்ன ஆகும்னு கணக்குப் போடுறாங்க. எவ்வளவு நெல் அரைக்கிறீங்க, எவ்வளவு கரண்டு ஆகுதுன்னு கேட்பாங்க. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, இந்தக் குட்டிக் கதையைக் காதுல வாங்கிக்குங்க.

வையாபுரின்னு ஒருத்தர். ஜவ்வரிசி ஆலை வெச்சிருந்தார். குச்சிக்கிழங்கை, அதான் மரவள்ளியை, அரைச்சு, மாவெடுத்து, விறகு எரிச்சு வறுக்கிற தொழில். விறகு விலை ஏறி ஏறி, ஆலை மூச்சு வாங்குது. அந்த நேரத்துல அரசாங்கத்துல ரெண்டு யோசனை. ஒண்ணு, விறகுக்குப் பதிலா எரிக்க, கிழங்கு கழுவின கழிவுநீர்ல எரிவாயு எடுக்கத் தொட்டி கட்ட மானியம். இன்னொண்ணு, புகை குறையணும்னு விறகு மேல வரி. மானியம் வந்தா வையாபுரி பிழைச்சார். வரி வந்தா… முடிஞ்சார்.

எது நல்லதுன்னு பார்க்க, ஜெபசீலின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. திருநெல்வேலிக்காரப் பொண்ணு, பொருளாதாரம் படிச்சது. ஒரு திட்டம் வந்தா யாருக்கு லாபம், யாருக்கு அடி, எவ்வளவு புகை குறையும்னு முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல நடத்திப் பார்க்கிற வேலை. கொள்முதலுக்கு முன்னாடி நாம மனசுக்குள்ள போடுறோமே… அதே கணக்குதான். கொஞ்சம் பெரிசு.

"அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை லோடு கிழங்கு?"

வருது நாலு. வையாபுரி என்ன சொன்னார்?

"ரெண்டு வந்தாலே பெரிசும்மா."

ஏன்? கணக்குக் கேட்டு யார் வந்தாலும் பாதி! அது நம்ம பழக்கம். வரி ஆபீசரானாலும் பாதி, பொண்ணு பார்க்க வந்தவங்களானாலும் பாதி. அந்த ஊர் ஆலைக்காரங்க அத்தனை பேரும் பாதி சொன்னாங்க. யாரும் பேசி வெச்சுக்கலை. அவ்வளவு ஒத்துமை.

அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம். ஜெபசீலி எழுந்து சொல்லுது: "இவ்வளவு கொஞ்சக் கழிவுநீர்ல எரிவாயு எடுத்தா கட்டுப்படியாகாது. மானியம் வீண். விறகும் கம்மியாத்தான் எரிக்கிறீங்க, அதனால வரி போட்டா உங்களுக்கு வலிக்காது."

வையாபுரி எழுந்தார். "வலிக்காதா! என்னம்மா கணக்கு இது? லோடு எட்டுன்னு போட்டுப் பாரு!"

அவர் மச்சான் பச்சியண்ணன், அவரும் ஆலைக்காரர்தான், வேட்டியைப் பிடிச்சு இழுக்கிறார். "மாமா… உக்காருங்க மாமா…"

அந்தப் பொண்ணு கோவிக்கலை. எட்டுன்னு போட்டுச்சு. பார்த்துச்சு.

"எட்டுன்னா, தொட்டி ஒரே வருசத்துல தன் விலையைத் தானே எடுத்துடும் அண்ணாச்சி. அப்புறம் மானியம் எதுக்கு?"

"கூட்டினாலும் இல்லைங்கிற, குறைச்சாலும் இல்லைங்கிற! அப்ப உள்ளதைச் சொன்னா என்னதான் வரும்?"

"அதை இன்னும் யாரும் சொல்லலையே அண்ணாச்சி."

மூணாவது வரிசையில வணிகவரி அதிகாரி ஒருத்தர் உக்காந்து வடை தின்னுட்டு இருந்தார். வையாபுரி அவரைப் பார்த்தார். அவர் வடையைப் பார்த்தார். கடைசில வையாபுரி தொண்டையைச் செருமிக்கிட்டு, "நாலு"ன்னார்.

ஜெபசீலி மத்தவங்களைப் பார்த்துச்சு. "உங்க எல்லாருக்கும்?"

ஒருத்தர் செருப்பைத் தேடினார். ஒருத்தருக்குப் போன் வந்துச்சு. மச்சான்? "எனக்கு ரெண்டுதானுங்க"ன்னார்.

ஒருத்தர் எண்ணை வெச்சு ஊர்க் கணக்கைப் போட முடியுமா? முடியாது. எல்லாரும் உள்ளதைச் சொல்லியிருந்தா மானியம் வந்திருக்கும்; பாதிக் கணக்கே நின்னுச்சு, வரி வந்துச்சு. விறகும் வாங்க முடியலை, கடனுக்கு வட்டியும் கட்ட முடியலை. வையாபுரி ஆலையை வித்தார்.

வாங்கினவர் அதைக் கல்யாண மண்டபமா மாத்தினார். வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது… நீங்க இப்ப உக்காந்திருக்கிறது அதுலதான். வாசல் ஏன் இவ்வளவு அகலம்னு காலையில ஒருத்தர் கேட்டீங்க. கிழங்கு லாரி உள்ள வரணும்ல?

நான் வியாபாரி, சுத்தி வளைக்கத் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகாதான்னா, ஆகும். மழை பொய்ச்சா, விலை சரிஞ்சா தப்பும். அந்தப் பொண்ணே அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சுது. ஆனா அந்தக் கணக்குக்கு உங்க மேல கோபமும் இல்லை, பாசமும் இல்லை. நம்ம கடைத் தராசு மாதிரி. தட்டுல விரலை வெச்சது நாம… முள்ளைத் திட்டி என்ன பண்றது? வையாபுரி உண்மை சொன்னதால கெடலை. தனியாச் சொன்னதால கெட்டார். அதனாலதான் உங்க எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு இதைச் சொல்றேன்.

சாப்பாடு தயார்னு கை காட்டுறாங்க. போங்க, நல்லாச் சாப்பிடுங்க. அப்புறம் அவங்க வந்து கேட்கும்போது, இந்த மண்டபத்தை ஒரு தடவை சுத்திப் பாருங்க. நல்ல மண்டபம்தான். உங்க ஆலையும் இப்படி ஆகணுமான்னு யோசிச்சுட்டு… பதில் சொல்லுங்க.